காப்பீடு இல்லாத வண்டி மோதினால்

திருமலை மலைப்பாதையிலோ, சித்தூர் – பலமனேர் சாலையின் மொகிலி கணவாயிலோ மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று தெரிந்ததும், பலர் கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பிற்பாடு இழப்பீடு கேட்க வேண்டிய ஆதாரம் அங்கேயே தொலைகிறது.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவுப்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. மீறினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் அரசுக்குப் போகும். அடிபட்டவருக்கு அதில் ஒரு காசும் வராது.

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்த சொந்தக் காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருமலைக்குப் போகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: அந்தப் பாலிசி காரின் சேதத்தையும் ஏற்காது, காருக்குள் இருப்பவர்களையும் காக்காது. முழுப் பாலிசி இரண்டையும் ஏற்கும். மோதியவருக்குக் காப்பீடு இல்லாவிட்டாலும் கார் சேதத்துக்குப் பணம் கிடைக்கும். சொந்த உபயோகக் காரை வாடகைக்கு ஓட்டினால் நிறுவனம் கைவிரிக்கலாம்.

விபத்து நடந்ததும் வண்டி எண்ணைப் படம் எடுத்து, அந்த எல்லைக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்க வேண்டும். நகல் இல்லாமல் நிலையத்தை விட்டு வரக் கூடாது. காப்பீடற்ற வண்டியின் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. ஆகவே பிணையம் வாங்காமல் வண்டியை விடுவிக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் உடனே மனு கொடுக்க வேண்டும். வண்டி கைமாறிவிட்டால் தீர்ப்பு வெறும் காகிதம். 166ஆம் பிரிவு மனுவை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். விபத்து திருப்பதியில் நடந்திருந்தாலும் வேலூர்க்காரர் வேலூரிலேயே தாக்கல் செய்யலாம். சட்டம் சொல்லும் கெடு ஆறு மாதம்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் வழி வேறு. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். வண்டி விவகாரம் என்று போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைவது வீண். விண்ணப்பம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு. திருப்பதி 2022 ஏப்ரல் 4 அன்று தனி மாவட்டமாகிவிட்டதால், விபத்து நடந்த இடம் எந்தக் கோட்டம் என்பதைக் காவல் நிலையத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். படிவம் 1, முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, அடையாள, முகவரிச் சான்றுகள், வங்கிப் புத்தக நகல் ஆகியவை தேவை. அனுமதிப்பவர் மாவட்ட ஆட்சியர்.

ஒரு மாதத்துக்குள் வண்டி அடையாளம் தெரியாவிட்டால், இத்திட்டத்தைப் பற்றிக் குடும்பத்துக்குக் காவல் நிலையம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் உத்தரவிட்டது. அக்கடிதம் வரட்டும் என்று காத்திராமல், நிலையத்துக்கே போய்க் கேட்டு வாங்குங்கள்.