குடியை விட விரும்பும் சகோதரனுக்கு ஒரு கூட்டம்



நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவிலும் கட்டட வேலைகளிலும் பாடுபடுகிற நம் குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஞாயிறு ஆராதனையில் கைகளை உயர்த்தித் துதிக்கிற ஒரு சகோதரன், சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் பெவ்கோ கடை வரிசையில் நிற்கிறார். மனைவிக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். போதகருக்கு மட்டும் தெரிந்துவிடக்கூடாதென்று வீடே காவல் காக்கிறது.

முதலாவது என் தவறை அறிக்கை செய்துவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விசுவாசி கண்ணீரோடு என்னிடம் வந்தார். "இன்றே பாட்டிலை எறிந்துவிடுங்கள், மூன்று நாள் உபவாசம் இருங்கள்" என்றேன். அவரும் கீழ்ப்படிந்தார். இரண்டாம் நாள் இரவில் உடல் நடுங்கி, சுவரில் இல்லாத உருவங்களைக் கண்டு அலறினார். நான் அதை அசுத்த ஆவியின் போராட்டமென்று எண்ணி ஜெபித்துக்கொண்டிருந்தேன். வலிப்பு வந்த பிறகுதான் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கர்த்தருடைய கிருபையால் பிழைத்தார். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும், இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும், உயிரும் போகலாம் என்று மருத்துவர் அன்றைக்கு எனக்கு விளக்கினார்.

ஆகையால் நாள்பட்ட குடிகாரர் முதலில் போகவேண்டிய இடம் மருத்துவமனை. அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு இருக்கிறது. 1870-ல் தொடங்கப்பட்ட ஊளம்பாறை மனநல மையம் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டு வெட்கப்படவேண்டாம். கேரள அரசு 2016-ல் தொடங்கிய விமுக்தி திட்டத்தின் சிகிச்சை மையம் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் செயல்படுகிறது. குடியை நிறுத்தும் மாத்திரையைக் கணவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கிற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை: அதன்மேல் அவர் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து மரணமே நேரிடலாம். தயவுசெய்து அதைச் செய்யாதிருங்கள்.

மருந்து உடலைத் தேற்றும். அதற்குப் பிறகு வருகிற மாலை நேரங்களை என்ன செய்வது? இங்கேதான் 'ஏ.ஏ.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தைச் சொல்ல விரும்புகிறேன். 1935-ல் பில் வில்சன் என்னும் அமெரிக்கர் அக்ரன் நகருக்கு வியாபாரக் காரியமாக வந்து, அது தோல்வியடைந்து, விடுதிக் கூடத்தில் தனியே நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. அவர் சபைகளின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகரை அழைத்தார். அந்த அழைப்பின் வழியாய் டாக்டர் பாப் ஸ்மித் என்னும் மற்றொரு குடிநோயாளியைச் சந்தித்தார். இருவரும் பேசிப் பேசியே குடியிலிருந்து விலகி நின்றார்கள். இந்தியாவில் இக்கூட்டம் 1957-ல் பம்பாயில் வேரூன்றியது.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. மேற்சொன்ன மருத்துவமனைகளின் ஆலோசகர்களைக் கேளுங்கள், அல்லது 14446 என்னும் தேசிய உதவி எண்ணை அழையுங்கள். பெரும்பாலும் ஒரு பள்ளி அறையிலோ ஆலய வளாகத்திலோ கூடுவார்கள். கட்டணமில்லை. காணிக்கைப் பை போல ஒன்று சுற்றி வரும், இயன்றதைப் போடலாம். முழுப் பெயர் கேட்கமாட்டார்கள், வருகைப் பதிவேடும் இல்லை. குடியை நிறுத்தவேண்டும் என்கிற விருப்பம் ஒன்றே உள்ளே வரத் தகுதி. 'திறந்த கூட்டம்' என்றால் மனைவியோ போதகரோ உடன் போகலாம், 'மூடிய கூட்டம்' குடிநோயாளிகளுக்கு மட்டும்.

மலையாளத்தில்தானே பேசுவார்கள் என்று தயங்குகிறீர்களா? நம் ஜனங்கள் அந்த மொழியில்தான் கூலி பேசுகிறார்கள், கடையில் பேரம் பேசுகிறார்கள். நான் ஒருவரோடு திறந்த கூட்டத்திற்குப் போயிருந்தேன். அவர் பாதி தமிழும் பாதி மலையாளமுமாக, மகளின் கம்மலை அடகு வைத்துக் குடித்ததைச் சொன்னார். ஒருவரும் புத்தி சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் தானும் அப்படிச் செய்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் இருபது ஆண்டு பிரசங்கித்தும் அவரிடமிருந்து அந்தக் கம்மல் கதை எனக்கு வந்ததில்லை.

அங்கே தேவனை அவரவர் அறிந்தபடி என்கிறார்களே, இது நம் உபதேசத்திற்கு ஒத்துவருமா என்று மூப்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அது சபை அல்ல, சபையின் இடத்தை அது கேட்பதுமில்லை. நம்மவர் தம்முடைய ஆண்டவரையே அறிக்கையிட்டு அங்கே உட்காரலாம், எவரும் தடுப்பதில்லை. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடும்படி யாக்கோபு சொன்னதை நாம் எத்தனை கூட்டங்களில் செய்கிறோம் என்பதையும் யோசிக்கவேண்டியிருக்கிறது.

மனைவிமார்களுக்கு 1951-ல் தொடங்கிய அல்-அனான் என்னும் தனிக் கூட்டம் உண்டு. கணவர் குடியை விடாவிட்டாலும் அவர்கள் போகலாம்.

அந்தச் சகோதரனுடைய கூட்டம் எங்கள் வெள்ளிக்கிழமை மாலை ஜெபத்தோடு ஒரே நேரத்தில் வருகிறது. ஏன் அவர் வருவதில்லை என்று சிலர் கேட்கிறார்கள். வேறொரு கூட்டத்திற்குப் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லுகிறேன்.