பிரேக் ஆயிலில் எத்தனை சதவீதம் தண்ணீர்?

ஆஸ்திரேலியாவில் விடுமுறை வந்தால் பல குடும்பங்கள் காருக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டையே மாட்டி இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் அந்த இழுவண்டிக்குள்ளேயே இருக்கும். கிழக்கிலிருந்து மேற்குக்கு 50 கிலோமீட்டர்தான் நீளும் சிங்கப்பூரில் அதை எங்கே ஓட்டுவது, எந்த அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் விடுவது? இங்கே அந்த வேலையையும் சேர்த்துப் பார்ப்பது ஏழு பேர் உட்காரும் குடும்பக் கார். பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை இரவில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் புளியோதரைப் பொட்டலமுமாக அது மலேசிய எல்லையான உட்லண்ட்ஸ் பக்கம் திரும்பும். பத்துமலை, கேமரன் மலை, கொஞ்சம் துணிந்தவர்களுக்குப் பினாங்கு. பினாங்குக்கு ஒரு வழிப் பயணமே ஏறத்தாழ 700 கிலோமீட்டர்.

அந்தக் காரை வாங்குவதே ஒரு பெரிய காரியம். 1990ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய வாகன ஒதுக்கீட்டு முறையில், காரின் விலை போக, அதைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்கும் உரிமைக்கும் தனியாக ஏலம் கேட்கவேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான அந்தச் சான்றிதழ் 150,001 வெள்ளியைத் தொட்டது. இத்தனை பணம் கொட்டி எடுத்த வண்டியைச் சிராங்கூன் சாலைக் கோயில் ஒன்றுக்குக் கொண்டுபோய், மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகு, அடுத்த பத்து ஆண்டுக்கு நம் உறவு விற்பனையாளரோடு அல்ல, சர்வீஸ் மேசையில் இருப்பவரோடுதான்.

நல்ல சர்வீஸ் என்றால் என்ன? காத்திருப்பு அறையில் குளிர்ச்சி, நல்ல காப்பி, கழுவித் துடைத்துத் திருப்பித் தரும் வண்டி என்று பலரும் பட்டியல் போடுவார்கள். இவற்றில் எதுவும் எஞ்சினுக்குத் தெரியாது. என் அளவுகோல் ஒன்றுதான்: அளந்து எண் சொல்கிற இடம் நல்ல இடம். “எல்லாம் ஓகே” என்று மட்டும் சொல்கிற இடத்தில் எதையும் அளக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

புது வண்டியிலிருந்தே தொடங்குவோம். புதிது என்றால் பழுது வராது என்று நினைக்கிறோம். பொறியியல் கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது. ஒரே மாதிரியான ஆயிரம் கருவிகளை ஓடவிட்டு, எப்போது எத்தனை பழுதாகின்றன என்று வரைந்தால், கோடு தொடக்கத்தில் உயரமாக இருந்து சரசரவென்று இறங்கும். பிறகு நெடுங்காலம் தாழ்வாகப் படுத்திருக்கும். கடைசியில் மறுபடி ஏறும். குளியல் தொட்டியின் குறுக்குவெட்டுப் போல இருப்பதால் அதற்குக் குளியல்தொட்டி வளைவு என்றே பெயர். கடைசி ஏற்றம் தேய்மானத்தால் வருவது. முதல் இறக்கம் தொழிற்சாலையில் நேர்ந்த கோளாறுகளால் வருவது: சரியாக அழுந்தாத ஒரு ஒயர் இணைப்பு, முறுக்கம் குறைந்த ஒரு போல்ட், கணினியில் ஒரு பிழை. இத்தகைய பழுதுகளைக் கணிக்கும் சூத்திரத்தைப் பரவலாக்கியவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் வாலோடி வெய்புல். 1951இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை நம்பகத்தன்மைப் பொறியாளர்கள் இன்றும் கையில் வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரின் ‘லெமன் சட்டம்’ இந்த வளைவின் முதல் இறக்கத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. 2012 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த அந்தச் சட்டத் திருத்தத்தின்படி, பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் குறை தென்பட்டால், அது ஒப்படைத்த அன்றே இருந்தது என்று கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்கவேண்டியது விற்றவர். முதலில் பழுதுபார்த்துத் தரவேண்டும் அல்லது மாற்றித் தரவேண்டும். நியாயமான காலத்தில் அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணமோ கேட்கலாம். பயன்படுத்திய காருக்கும் இது பொருந்தும். தேய்மானத்துக்கும் நம் கைத்தவறுக்கும் பொருந்தாது. பேச்சு முறிந்தால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றமும் இருக்கிறது; இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை.

ஆகவே முதல் ஆறு மாதத்தில் சின்னச் சத்தத்தையும் விடக்கூடாது. ஆனால் “ஏதோ சத்தம் வருது” என்று சொன்னால், ஒர்க்‌ஷாப்காரர் ஊபி வட்டாரத்தைச் சுற்றி ஒரு நடை ஓட்டிப்பார்த்துவிட்டு, “ஒன்னும் கேக்கலையே அண்ணே” என்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா? எந்த வேகத்தில்? பிரேக் மிதிக்கும்போதா, வளைவிலா? மழை பெய்ததா? கைத்தொலைபேசியில் பதிவுசெய்த அரை நிமிடச் சத்தமும் இந்த நான்கு விவரங்களும் சர்வீஸ் தாளில் தேதியோடு ஏறவேண்டும். அந்தத் தாளின் நகல் நம் கையில் இருக்கவேண்டும்.

அடுத்தது உட்லண்ட்ஸ் வரிசை. 1924இல் சாலைப் போக்குவரத்துக்குத் திறந்த ஜோகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நீண்ட வாரயிறுதியில் அதைக் கடக்க மூன்று மணி நேரம் ஆனாலும் ஆகும். காரின் தூரமானி அதை ஓரிரு கிலோமீட்டர் என்றே பதிவுசெய்யும். எஞ்சினோ மூன்று மணி நேரம் ஏர்கானையும் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது. அதே மூன்று மணி நேரம் 40 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஓடியிருந்தால் 120 கிலோமீட்டர் ஆகியிருக்கும். ‘10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுக’ என்ற வாசகத்தை மட்டும் நம்புகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

அன்றாடப் பயணமும் எஞ்சின் ஆயிலுக்கு உகந்ததல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெட்ரோலின் ஹைட்ரஜனும் காற்றின் ஆக்சிஜனும் சேர்வதால் வரும் தண்ணீர் அது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விடும். ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் நழுவி ஆயிலோடு சேரும். எரியாத பெட்ரோலும் கூடவே கொஞ்சம் இறங்கும். நீண்ட ஓட்டத்தில் ஆயில் நன்றாகச் சூடேறி இவற்றை ஆவியாக்கி வெளியேற்றிவிடும். வீட்டிலிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், அங்கிருந்து தேக்கா சந்தைக்கு இரண்டு கிலோமீட்டர் என்றால் அந்தச் சூடு வருவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. தண்ணீரும், எரிதலில் உண்டாகும் அமிலமும் ஆயிலிலேயே தங்கும். அமிலத்தை முறிக்க ஆயிலில் காரத்தன்மையுள்ள சேர்மங்களைக் கலந்திருப்பார்கள். அவை தீர்ந்துபோனால், பார்க்கப் பொன்னிறமாக இருக்கிற ஆயிலும் உள்ளே உலோகத்தை அரிக்கும். பெரும்பாலான வண்டிகளின் கையேட்டில் ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு பக்கம் உண்டு: குறுந்தூர ஓட்டம், நின்றபடி நெடுநேரம் எஞ்சினை ஓட்டுவது, நெரிசல். படித்துப் பார்த்தால் சிங்கப்பூர்க்காரரின் ஒரு வாரத்தை யாரோ கூட இருந்து எழுதியது போலிருக்கும். அந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கும் குறுகிய இடைவெளிதான் நமக்கு.

இப்போது மலைக்கு வருவோம். நம் குடும்பக் கார்களுக்கு உண்மையான பரீட்சை வைப்பது கெந்திங் மலை. உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். ஏறுவது எஞ்சினின் பாடு. இறங்குவது பிரேக்கின் பாடு. ஆட்களும் பெட்டிகளும் சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கினால், எங்காவது போய்ச் சேரவேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 17.6 மெகாஜூல். 30 டிகிரியிலுள்ள 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றின் தடையும் எஞ்சினும் ஒரு பங்கைத் தின்னும். கியரை உயரத்தில் வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும் மிதித்தபடி வந்தால், மீதி முழுவதும் நான்கு சக்கரங்களின் இரும்புத் தட்டுகளில் வெப்பமாக இறங்கும்.

அங்கிருந்து வெப்பம் பிரேக் ஆயிலுக்குள் போகிறது. இந்தத் திரவத்துக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும் தொட்டி மூடியின் துளை வழியாகவும், யாரும் தொடாமலே ஈரம் சேரும். ஆண்டு முழுவதும் புழுங்கும் நம் ஊரில் கேட்கவா வேண்டும். புதிய டாட் 4 வகைத் திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தர விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். திரவத்தை அழுத்தினால் சுருங்காது; அதனால்தான் கால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகிறது. கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், ஆவி சுருங்கும். மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இறங்கிக்கொண்டிருக்கும்வரை வீசும் காற்று பிரேக்கைக் குளிர்விக்கிறது. பாதி வழியில் தேநீருக்கு நிறுத்தினால் காற்று நின்றுவிடும். தட்டிலுள்ள சூடு மெதுவாகத் திரவத்துக்குள் ஏறும். பத்து நிமிடம் கழித்து வண்டியை எடுக்கும்போதுதான் மிதி பஞ்சாக இருக்கும். மிதி கல்லாக இறுகியிருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு கோளாறு: பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிமானம் இழந்துவிட்டது. இரண்டுக்கும் முன்தடுப்பு ஒன்றுதான். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடவேண்டும். பிரேக்கை விட்டு விட்டு, அழுத்தமாக, குறைந்த நேரம் மிதிக்கவேண்டும்.

ஒர்க்‌ஷாப் உரையாடலும் இங்கேதான் மாறவேண்டும். “அண்ணே, பிரேக் ஆயில் மாத்தணும்” என்றால், “தண்ணி எவ்வளவு இருக்கு தம்பி?” என்று கேளுங்கள். பேனா போன்ற ஒரு சோதனைக் கருவியை நுழைத்தால் சதவீதம் தெரியும். அது மின்கடத்தும் திறனை வைத்துச் சொல்லும் தோராயக் கணக்கு. திரவத்தைச் சூடேற்றிக் கொதிநிலையையே அளக்கும் கருவி இன்னும் நம்பகமானது. எது இருந்தாலும் சரி, ஒரு எண் வரட்டும். வண்டி ஓடாமலே நின்றிருந்தாலும் பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொது வழக்கம். ஈரத்துக்குக் கிலோமீட்டர் கணக்குத் தெரியாது.

டயரையும் பேட்டரியையும் பற்றிச் சுருக்கமாக. ஓட்டுநர் கதவுச் சட்டத்திலுள்ள ஒட்டுத்தாளில் பெரும்பாலும் இரண்டு காற்றழுத்த எண்கள் இருக்கும், ஒன்று இருவர் பயணத்துக்கு, மற்றது முழுச் சுமைக்கு. குடும்பத்தோடு கிளம்பும்போது இரண்டாவது எண். காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளக்கவேண்டும். பத்து டிகிரி சூடேறினால் அழுத்தம் ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் கூடிவிடும். பாதி வழியில் அளந்துவிட்டுக் காற்றை இறக்குகிறவர், காற்றுக் குறைந்த டயரில் மீதித் தூரம் போகிறார். பேட்டரிக்குக் குளிரைவிட வெப்பம் பெரிய எதிரி. உள்ளேயிருக்கும் ஈயத் தகடு வேகமாக அரித்துப்போகும். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு.

இதையெல்லாம் டீலரிடம்தான் செய்யவேண்டுமா? சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், கட்டணமும் குறைவு. ஆனால் வெளியே சர்வீஸ் செய்தால் உத்தரவாதம் ரத்து என்ற வாசகம் பல டீலர்களின் ஒப்பந்தத்தில் இருந்தது. போட்டித்தன்மை ஆணையம் அதை ஆராய்ந்த பிறகு, 2017இல் டீலர்கள் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். வெளி ஒர்க்‌ஷாப்பின் வேலையால்தான் பழுது வந்தது என்றால் மட்டும் டீலர் மறுக்கலாம். ஆகவே எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டரில், எந்தத் தேதியில் என்ற ரசீதுகள் பத்திரமாக இருக்கவேண்டும்.

டீலரை விடமுடியாத இடமும் உண்டு: மீட்டழைப்பு. டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பை விவகாரம் அதற்குச் சான்று. பையை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் வில்லைகள், ஆண்டுக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, எரியவேண்டிய வேகத்தைவிட வேகமாக எரிந்தன. உலோகக் கூடு வெடித்துச் சில்லுகள் பயணிகள்மேல் பாய்ந்தன. மலேசியாவிலும் உயிர்கள் போயின. ஈரமும் சூடும் கூடிய ஊர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பதால், நம்மைப் போன்றவர்களுக்கு மீட்டழைப்புக் கடிதம் விளம்பரத் தாளல்ல. மாற்றித் தருவது இலவசம். இரண்டாவது கை வண்டி வாங்கியவர்கள், முந்தைய உரிமையாளர் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே விட்டிருக்கலாம் என்பதால், வண்டியின் அடிச்சட்ட எண்ணைச் சொல்லி டீலரிடம் விசாரித்துவிடவேண்டும்.

மின்கார் வாங்கியவர்களுக்கு ஆயில் தலைவலி இல்லை. கெந்திங் இறக்கத்தின் 17.6 மெகாஜூல் அவர்களுக்கு வரவு. மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதில் கணிசமான பங்கைப் பேட்டரிக்குத் திருப்பும். முழுவதும் கிடைத்தால் அது 4.9 யூனிட் மின்சாரம். ஆனால் உச்சியில் இரவு தங்கிப் பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கினால், அதை வாங்கிக்கொள்ள உள்ளே இடம் இராது. வேலை மறுபடி சாதாரண பிரேக்குக்கே வரும். அன்றாடம் அதிகம் உழைக்காத அந்தப் பிரேக்கிலும் அதே திரவம்தான் ஓடுகிறது. மலையில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளலாம். பிரேக் ஆயில் சோதனையைச் சர்வீஸ் பட்டியலில் தனியே கேட்டு எழுதவைக்கவேண்டும்.