கலெக்டர் நட்ட காப்பி

ஏற்காடு ஏரிக்கரையிலிருந்து சற்று மேலே, காப்பிக்கொட்டையும் மிளகும் விற்கிற சின்னக் கடை அது. மாலை நான்கு மணிக்கே பனி இறங்கி எதிர்ச் சாரி மறைந்திருந்தது. நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டார்.

“எம் பொண்ணுக்கு நீங்களே ஒரு யோசனை சொல்லுங்க சார். கீழ சேலத்துல பி.காம் கடைசி வருசம். எம்.பி.ஏ.தான் படிப்பேங்கறா. கலெக்டருக்குப் படிங்கறேன் நானு. கலெக்டர் வந்தா ஊரே எந்திரிச்சு நிக்கும். எம்.பி.ஏ.வுக்கு எவன் எந்திரிப்பான்?”

லீவுக்கு வந்திருந்த மகள் உள்ளே காப்பிக்கொட்டையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: “கலெக்டர் ஆகறவரைக்கும் யாருப்பா சோறு போடறது?”

இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் நான் அரைக் கிலோ மிளகு கேட்டுத் தப்பித்துக்கொண்டேன். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கி முடிக்கும்வரை அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. காரணம், அவள் பொறுக்கிக்கொண்டிருந்த அந்தக் கொட்டைதான். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் காப்பி வந்த கதையே ஒரு கலெக்டரின் கதை.

1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பேரி, ஆப்பிள் மரங்களும் அவர் காலத்தில் வந்தவையே. சீசனில் சாலையோரம் கூறுகட்டி விற்கிறார்களே பேரிக்காய், அதற்கும் மூலவர் அவர்தான். ‘ஏற்காட்டின் தந்தை’ என்று ஊர்க்காரர்கள் இன்னமும் சொல்கிறார்கள். அந்த மலையில் தலைமுறை தலைமுறையாகத் தினையும் சாமையும் விதைத்துவந்த மலையாளிப் பழங்குடிகள் இருக்கும்போது, நேற்று வந்தவர் தந்தையாவது எப்படி என்று கேட்கலாம்தான். அது வேறு கட்டுரை. இப்போது நமக்கு வேண்டியது ஒன்றுதான்: வரி வசூலிக்க வந்த ஓர் அதிகாரி, சந்தைக்குப் போகும் பயிர் ஒன்றை நட்டுவிட்டுப் போனார். அப்பா சொல்கிற உத்தியோகமும் மகள் சொல்கிற வியாபாரமும் அந்த ஒரே ஆளுக்குள் இருந்தன.

அதில் ஆச்சரியமும் இல்லை. காக்பர்ன் சம்பளம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியே வியாபாரக் கம்பெனி. அதன் ‘சிவில் சர்வீஸ்’ பதவிகளின் பெயரைப் பாருங்கள்: எழுத்தர், முகவர், இளநிலை வணிகர், முதுநிலை வணிகர். கலெக்டராக ஊரை ஆள்கிறவர், கம்பெனிப் பதிவேட்டில் ‘முதுநிலை வணிக’ராக இருப்பார். 1833இல் கம்பெனியின் வியாபார உரிமையே பறிபோனது. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அந்தப் பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டையும் ஒரே கையில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைக் கோட்டையிலேயே உதாரணம் உண்டு. 1672இல் சாதாரண எழுத்தராக வந்து இறங்கிய எலிஹு யேல், 1687இல் கவர்னரானார். சொந்த வியாபாரத்தில் அளவு மீறினார் என்ற புகாரில் 1692இல் பதவி போனது. கையில் மிஞ்சியது மட்டும் ஏராளம். அதில் கொஞ்சத்தை 1718இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அனுப்பினார். அவர்கள் நன்றியோடு அவர் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அந்த யேல் பல்கலைக்கழகம் 1970களில் மேலாண்மைப் பள்ளி தொடங்கியபோது எம்.பி.ஏ. தரவில்லை. முதலில் தந்த பட்டத்தின் பெயர் ‘பொது மற்றும் தனியார் மேலாண்மை’. எம்.பி.ஏ. என்று மாற்றியது 1999இல்தான். நம் கவர்னர் எதைக் கலந்ததற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டாரோ, அதையே ஒழுங்காகக் கலந்து பாடமாக்கியிருந்தார்கள்!

காப்பிக்கே திரும்புவோம். 1942இல் வந்த காப்பிச் சட்டத்துக்குப் பிறகு, இந்த மலையில் விளைந்த காப்பியை விவசாயி இஷ்டத்துக்கு விற்க முடியாது. காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். போர்டு விற்று, பணத்தைத் தவணை தவணையாகக் கொடுக்கும். விலை நிலவரத்தைப் பார்த்துக்கொள்வது பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளின் வேலை. அரை நூற்றாண்டு இப்படியே போனது. 1990களின் முற்பாதியில் கட்டு தளர்ந்து, 1996இல் முழுக்க அவிழ்ந்தது. அதற்குப் பிறகு நியூயார்க்கில் அரபிகாவும் லண்டனில் ரொபஸ்டாவும் என்ன விலை போகின்றன என்பதை ஏற்காட்டில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டில் எம்.பி.ஏ. படித்த பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இந்த மலைக்கு வந்ததில் வியப்பில்லை.

இனி கணக்கு. சிவில் சர்வீஸ் தேர்வைத்தான் அப்பாக்கள் ‘கலெக்டர் பரீட்சை’ என்கிறார்கள். 2023ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். முதல்நிலைத் தேர்வு எழுதியவர்கள் 5.92 லட்சம். முதன்மைத் தேர்வுக்குத் தேறியவர்கள் 14,624. கடைசிப் பட்டியலில் 1,016 பேர். அதிலும் ஐ.ஏ.எஸ். இடங்கள் 180தான். மற்றவர்கள் ஐ.பி.எஸ்., வருமான வரி, ரயில்வே என்று போகிறார்கள். நல்ல வேலைகள்தான்; ஆனால் கடைக்காரர் மனதில் இருக்கிற சிவப்பு விளக்குக் கார் (அந்த விளக்கையும் 2017இல் கழற்றிவிட்டார்கள்) அந்த 180 பேருக்குத்தான்.

இன்னொரு பக்கம், அதே 2023இல் ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர்வதற்கான கேட் (CAT) தேர்வு எழுதியவர்கள் ஏறத்தாழ 2.9 லட்சம். ஐ.ஐ.எம்.களின் இடங்கள் சில ஆயிரம். சதவீதம் பார்த்தால் இது சுலபம். ஆனால் பெரிய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருடப் படிப்புக் கட்டணம் இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. இந்தக் கல்லூரிகளுக்கு வங்கிகள் ஈடில்லாமலே கடன் தருகின்றன. பெயர் தெரியாத கல்லூரியில் கடன் வாங்கிச் சேர்ந்தால்தான் கதை வேறு. அங்கே கிடைக்கிற பட்டம் எம்.பி.ஏ. என்றாலும், கிடைக்கிற வேலை பி.காமுக்குக் கிடைப்பதாகவே இருக்கக்கூடும். இதைப் பேனர்களில் போடுவதில்லை.

என் கண்ணில் இரண்டுக்கும் முக்கிய வித்தியாசம் கௌரவத்திலோ சம்பளத்திலோ இல்லை. எம்.பி.ஏ. பணத்தைப் பணயம் வைக்கச் சொல்கிறது. சிவில் சர்வீஸ் வயதை. பணத்துக்கு வங்கி மாதத் தவணை போட்டுத் தரும். இருபத்திரண்டிலிருந்து இருபத்தெட்டு வரை போன வயதுக்கு யாரும் தவணை போட்டுத் தரமாட்டார்கள். பொதுப் பிரிவுக்கு 32 வயதுவரை ஆறு முயற்சி. பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயதுவரை ஒன்பது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 37 வயதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். சலுகை நியாயமானது. ஆனால் ‘எத்தனை முறை வேண்டுமானாலும்’ என்பதை ஆசையாகப் படிக்கிறவர்களைவிட, இரண்டு முறை என்று தனக்குத்தானே கோடு போட்டுக்கொள்கிறவர்களைத்தான் நான் நம்புவேன். சென்னையில் அண்ணா நகர்ப் பக்கம் பத்து நிமிடம் நடந்தால், கோடு போடாதவர்களைப் பார்க்கலாம்.

உதவி இல்லாமல் இல்லை. அரசின் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் சென்னையில் இலவசமாகப் பயிற்சி தருகிறது. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் நுழைவுத் தேர்வு வைத்து ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் தருகிறார்கள். முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாய். ‘யாரு சோறு போடறது’ என்ற கேள்விக்கு முழுப் பதில் இல்லை. ஆனால் பதிலின் தொடக்கம்.

பாதைகள் கடைசிவரை இணையாகவே போகின்றன என்றும் சொல்ல முடியாது. பழைய சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்த நாமக்கல்லில் கலெக்டராக இருந்த சகாயம், பிறகு கோ-ஆப்டெக்ஸில் மேலாண் இயக்குநராக உட்கார்ந்து வேட்டி விற்றார். ‘வேட்டி தினம்’ என்று ஒரு நாளை வைத்துக் கல்லூரிப் பிள்ளைகளையும் கட்ட வைத்தாரே, அது எந்த விளம்பர நிறுவனத்துக்கும் குறையாத சந்தைப்படுத்தல். தமிழ்நாட்டில் பாலும் மின்சாரமும் பஸ்ஸும் விற்கிற அரசு நிறுவனங்கள் பலவற்றின் தலைமையில் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் இருக்கிறார்கள். எதிர்த்திசையில் கதவு அவ்வளவாகத் திறக்கவில்லை. தனியார் துறையினரை நேரடியாக உயர்பதவியில் சேர்க்க 2018இல் மத்திய அரசு தொடங்கியது. 2024 ஆகஸ்டில் 45 இடங்களுக்கு வந்த விளம்பரம், இடஒதுக்கீடு இல்லை என்ற எதிர்ப்பில் சில நாளில் திரும்பப் பெறப்பட்டது.

பெரிய மழைக்கு முன்னால் மறுபடி போயிருந்தேன். கடையில் மகள்தான் இருந்தாள். மிளகு கட்டுகிற தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதி வைத்திருந்தாள். தேர்வு வருடத்தின் ஆகஸ்ட் 1 அன்று 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் சிவில் சர்வீஸ் இந்த வருடம் எழுத முடியாது. கேட்டுக்கு வயது வரம்பே இல்லை, நவம்பரில் எழுதலாம். அதற்குக் கீழே, முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் இருந்து இரண்டைக் கோடிட்டிருந்தாள்: வணிகவியலும் கணக்கியலும், மேலாண்மை. இரண்டு தாள், 500 மதிப்பெண்.

“மேலாண்மையை எடுக்கறவங்க கம்மிதான் சார். ஆனா பி.காம் புத்தகம் வீட்லயே இருக்குல்ல?”

“அப்பாகிட்ட சொல்லியாச்சா?”

“ரெண்டு வருசம்னு பேசியிருக்கோம்,” என்று சொல்லிவிட்டு, மூட்டையோடு உள்ளே வந்த ஒருவரிடம் மிளகு ஈரமாக இருக்கிறது, இந்த விலைக்கு எடுக்க முடியாது என்று வாதாடத் தொடங்கினாள்.