வணக்கமாத இரவில் ஒரு விண்மீன் கொத்து

மே மாதத்தில், வணக்கமாத ஜெபம் முடிந்து பிள்ளைகள் உறங்கச் சென்றபின், இரவு பத்து மணியளவில் தென்திசையை நோக்கினால் தென்சிலுவையைக் காணலாம். அதன் இடப்புறம் ஒளிமிக்க இரு விண்மீன்கள் தோன்றும். அவற்றிற்கு மேலே, புகைபோல் மங்கிய புள்ளி ஒன்றுண்டு. பண்டையோர் அதனை ஒற்றை விண்மீன் என்றே எண்ணினர். ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் பந்துபோல் திரண்ட கொத்து அது. ஒமேகா செண்டாரி என்பது பெயர். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறக்குறைய 17,000 ஆண்டுகள் ஆகின்றன.

இதனைக் கொல்லைப்புறத்திலிருந்தே படம் எடுக்கலாம் என்றபோது நாமும் நம்பவில்லை. கூரையைத் தள்ளி நகர்த்தத்தக்க சிறு கொட்டகை, ஒரு தொலைநோக்கி, ஒரு காமிரா ஆகியவை போதும். ஆனால் பூமி சுழல்வதால் தொலைநோக்கியும் வானத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும். அதன் அச்சு வானின் வடதுருவத்தை நோக்கி நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் துருவ நட்சத்திரம் அடிவானுக்கு மேல் 8 முதல் 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. அண்டை வீட்டுத் தென்னைகள் அதனை மறைத்துவிட்டன! அச்சைச் சரிசெய்யவே மூன்று இரவுகள் சென்றன.

முதற்படத்திற்கு ஐந்து நிமிடம் ஒளி விட்டோம். சுண்ணாம்பு சிந்தியதுபோல் நடுப்பகுதி வெளுத்துப் போயிற்று. நடுவில் நெருங்கிய மீன்களுக்குச் சில விநாடிகளும், ஓரத்து மங்கிய மீன்களுக்குச் சில நிமிடங்களுமாகப் பல படங்கள் எடுத்து, அவற்றைக் கணிப்பொறியால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்பதைப் பின்னரே கற்றோம். பிலிம் நாட்களில் இவ்வசதி இல்லை. ஒரு மணி நேரம் கண்ணை எடுக்காமல் தொலைநோக்கியைத் திருத்திக்கொண்டே இருப்பார்களாம்.

படங்கள் சேர்ந்தபோது, மங்கிய புள்ளி மறைந்து, செந்நிற முதுமீன்களும் நீல மீன்களும் தனித்தனியே தெரிந்தன. எனினும் பின்புலம் சாம்பல் பூத்திருந்தது. காரணம், தெற்கே நம் ஆலயக் கோபுரத்தில் இரவு முழுவதும் எரிந்த விளக்குகள்! தயங்கித் தயங்கிப் பங்குத்தந்தையிடம் விண்ணப்பித்தோம். அப்போது, 1689 டிசம்பரில் சேசு சபைத் துறவி ரிஷோ புதுச்சேரியிலிருந்து வால்மீன் ஒன்றை நோக்குகையில், மேற்சொன்ன இரு மீன்களுள் ஒன்றான ஆல்பா செண்டாரி உண்மையில் இரட்டை மீன் என்று கண்டதையும் எடுத்துரைத்தோம். பத்து மணிக்குமேல் விளக்கணைக்க அவர் இசைந்தார்.

புதிய படத்தை அவரிடம் கொடுத்தோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ரிஷோ சுவாமியார் இதையும் கண்டிருப்பாரோ?" என்றார். டிசம்பர் விடியலில் இதுவும் அதே திசையில், சற்று உயரத்தில் நின்றிருக்கும் என்றோம்.