பாலத்தின் கீழே

மாத்தளைச் சகோதரிகளே, நமது சுதுகங்கையில் பாறையும் வேகமும் அதிகம், தோணிக்கு இடமில்லை. ஆகவே பாலம் என்றால் மேலே நடப்பவருக்கு என்றே பழகிவிட்டோம். நீர்கொழும்புக்குப் போனால் கால்வாய்ச் சிறுபாலத்தில் சற்று நின்று கீழே பாருங்கள். தோணிக்காரர் தலைகுனிந்து நுழைவார். மழைக்கு நீர் ஒரு சாண் ஏறினால் அவருக்குப் பாலம் ஒரு சாண் இறங்கிவிடும்!

ஒல்லாந்தர் கறுவா ஏற்றிய வழி அது. தெற்கே, முத்துராஜவெலயின் உப்புநீரை வடிக்க ஆங்கிலேயர் 1802 முதல் 1804 வரை வெட்டியதே ஹெமில்டன் கால்வாய், நீளம் 14.5 கிலோமீற்றர்.

பாலத்தைத் தாழ்த்தினால் செலவு குறையும், நம் முழங்காலுக்கும் சுகம்தான். தோணிக்காரரின் பிழைப்போ அந்தக் கீழ் இடைவெளியில்தான் இருக்கிறது. கட்டுமுன் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?