உட்காரும் உரிமையும் கெண்டைக்கால் கடுப்பும்

துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள் ராத்திரி வீடு திரும்பியதும் கெண்டைக்காலைத்தான் முதலில் பிடித்துவிட்டுக்கொள்கிறார்கள். "கால் கடுக்குது" என்றால், நாள் முழுக்க நின்றால் கடுக்காதா என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். விடக்கூடாது. அது தசை கொடுக்கும் புகார்.

நடக்கும்போது கெண்டைத் தசை இறுகித் தளர்கிறது. ரத்தம் புகுந்து கழிவை வாரிக்கொண்டு போகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்த ஓட்டம் மந்தமாகிறது. தசை இறுகியே இருந்தால் தன் ரத்தக்குழாய்களைத் தானே நெரிக்கும். அமிலமும் லாக்டேட்டும் ஏடிபி என்ற மூலக்கூறும் தசை இழைகளுக்கு நடுவே சேரும். அங்கே கிளைவிட்டிருக்கும் மெல்லிய நரம்பு முனைகளின் ஏற்பிகள் அவற்றை உணர்ந்ததும், மின் துடிப்பு தண்டுவடம் ஏறி மூளைக்குப் போகும்.

எல்லாம் லாக்டிக் அமிலத்தின் வேலை என்று பலர் நம்புகிறோம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். தன்னார்வலர்களின் கட்டைவிரல் தசைக்குள் அமிலம், லாக்டேட், ஏடிபி மூன்றையும் தனித்தனியே ஊசி வழியே செலுத்தினார்கள். சோர்வோ வலியோ எழவில்லை. மூன்றையும் கலந்து செலுத்தியபோது முதலில் சோர்வு வந்தது. அளவைக் கூட்டியதும் வலி. ஆக, சோர்வுதான் முதல் எச்சரிக்கை. அந்த நேரத்தில் உட்கார வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு நிற்பது எச்சரிக்கை மணியின் வாயைக் கட்டுவதுதான். வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்கினால் சிறுநீரகமும் இரைப்பையும் கெடக்கூடும்.

உட்காருவது முதலாளி காட்டும் கருணை அல்ல, சட்டம். கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடியதை அடுத்து கேரளம் 2018-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-ல், தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். நாற்காலியை மூலையில் போட்டுவிட்டு உட்காருகிறவரை முறைப்பது சட்டத்தை மதிப்பதாகாது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். நகலில் ஒப்புகை வாங்குங்கள். தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ அட்டை இருந்தால் மருத்துவம் இலவசம்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தைலம் தேய்க்காதீர்கள். ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் அடங்குகிறதென்றால் ரத்தக்குழாய் அடைப்பா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தமுறை சேலை எடுக்கப் போகும்போது, விற்கிற பெண் உட்கார்ந்திருந்தால் அவரை எழுப்பாமல் கேளுங்கள்.