பதினோரு பாகை

தில்லை நகர்க் குறுக்குத் தெரு ஒன்றில், வீடு மாறிச் செல்லும் குடும்பத்தாரிடம் பழைய தொலைநோக்கி ஒன்றை வாங்கினேன். பெட்டியின் மேல் '675 மடங்கு' எனக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. விற்றவர் ஒளிவு மறைவு இல்லாதவர். "தம்பி, இதுல ஒண்ணுமே தெரியாது. பையன் ரெண்டு நாள் பார்த்தான், அப்புறம் பரண்ல ஏத்திட்டான். நாளைக்கு என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் கண் சென்றது ஆடியின் மேல் அன்று; தாங்கியின் பக்கவாட்டில் பொறித்திருந்த பாகை அளவின் மேல். அதன் முள் 40-இல் நின்றது. நியூயார்க்கும் பெய்ஜிங்கும் ஏறத்தாழ அந்த அகலாங்கில் உள்ளவை. திருச்சிராப்பள்ளியின் அகலாங்கோ 10.8 பாகை. இவ்வூர்ப் பரணில் அத்தனை ஆண்டு கிடந்தும் அக்கருவி இவ்வூர் வானத்துக்கு வந்து சேரவே இல்லை.

இதை விளக்க வேண்டும். இத்தகைய தாங்கியில் இரண்டு அச்சுகள் உண்டு. அவற்றுள் ஒன்று நிலவுலகின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். அவ்வாறு நின்றால், உலகம் சுழல்வதால் நகரும் விண்மீனை ஒரே ஒரு திருகைத் திருப்பியே பின்தொடரலாம். உலகின் அச்சு வடக்கே துருவ மீனை ஒட்டிய புள்ளியைச் சுட்டுகிறது. அப்புள்ளி அடிவானுக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, அதுவே அவ்வூரின் அகலாங்கு. நமக்கு அது 11 பாகை என்று கொள்ளலாம். தில்லை நகர் மாடியிலிருந்து நேர் வடக்கே காவிரிக்கு அப்பால் நோக்கினால், 1987-இல் கட்டி முடித்த 236 அடித் திருவரங்கத்து இராசகோபுரம் ஏறத்தாழ ஒரு பாகை உயரமே தோன்றும். அதைப்போல் பத்துக் கோபுரங்களை மனத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், உச்சிக் கலசத்துக்கு அருகே துருவ மீன் இருக்கும். திசைகாட்டி தேவையில்லை.

முள்ளை 11-க்குத் திருப்பியபின் வேறொரு தொல்லை முளைத்தது. குழலுக்கு ஈடாகத் தொங்கும் எதிர் எடை, முக்காலியின் வடக்குக் காலில் இடித்தது. நடு அகலாங்குகளை எண்ணிச் செய்த தாங்கியை நம் அகலாங்குக்குத் தாழ்த்தினால் இப்படித்தான் ஆகும். முக்காலியைத் திருப்பி ஒரு காலைத் தெற்கே வைத்தேன். வடக்கே மற்ற இரு கால்களின் இடைவெளியில் எடை தடையின்றி ஆடியது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இனி அந்த 675. ஆடியின் விட்டம் 114 மில்லிமீட்டர், குவியத் தொலைவு 900. அதைக் கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் வில்லைக்கு 45 மடங்கு. 4 மில்லிமீட்டர் வில்லைக்கு 225. அதனோடு மும்மடங்கு பெருக்கும் பார்லோ வில்லையைச் சேர்த்தால் 675. கணக்கு பொய்யன்று, பயன்தான் இல்லை. ஆடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து இரட்டிப்பதே பயனுள்ள பெருக்கத்தின் எல்லை, இங்கே 228. அதற்கு மேல் போவது, மாவில் நீரைக் கூட்டிக் கூட்டித் தோசையின் எண்ணிக்கையைப் பெருக்குவது போன்றது. மேலும் 675 மடங்கில் தெரியும் வானத்துண்டு மிகச் சிறிது. இருபது நொடிக்குள் நிலாவின் பள்ளம் ஒரு விளிம்பில் புகுந்து மறு விளிம்பில் வெளியேறிவிடும். நான் வாங்கியபோது குழலில் செருகியபடியே இருந்தவை 4 மில்லிமீட்டர் வில்லையும் பார்லோவும். அந்தப் பையன் என்ன பார்த்திருப்பான் என்று எனக்குப் புரிந்தது.

20 மில்லிமீட்டர் வில்லையைப் போடுங்கள். முழு நிலாவும் அடங்கி இடமும் மிஞ்சும். 1610 சனவரியில் கலிலியோ வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கில்தான்; உங்களுக்கு 45 இருக்கிறது.

குழலின் மேலுள்ள சிறு குறிநோக்கியைப் பகலிலேயே சரிசெய்து கொள்ள வேண்டும். எனக்கு மலைக்கோட்டை உதவிற்று. மாலையில் பார்த்தேன்; காலையில் ஞாயிறு அப்பக்கமே எழும், குழல் சற்றுப் பிசகினாலும் கண் போய்விடும். உச்சிப்பிள்ளையார் கோயில் தலைகீழாகத் தொங்கிற்று, படியேறுவோர் வானத்தை நோக்கி இறங்கினர். ஆடித் தொலைநோக்கியின் இயல்பு அது; பழுதன்று.

ஆடியில் படிந்த தூசியைத் துணியால் துடைக்காதீர்கள். அலுமினியப் பூச்சு மிக மெல்லியது, தூசியைவிடக் கீறலே பார்வையைக் கெடுக்கும். பழைய பெட்டிகளில் கண்ணருகு வில்லையில் திருகும் கரும்பச்சைக் கண்ணாடி ஒன்றும் இருக்கும், ஞாயிற்றைப் பார்ப்பதற்கென்று. ஆடி திரட்டும் வெப்பம் எல்லாம் குவியும் இடத்தருகே அது அமர்கிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கக்கூடும். எனக்கு வந்ததை அம்மிக்கல்லில் வைத்து உடைத்தேன்.

மொட்டை மாடித் தளம் பகல் வெயிலை இரவு ஒன்பது, பத்து மணி வரை கக்கும். அதுவரை விண்மீன்கள் கொதிநீரில் கிடப்பன போல் நடுங்கும். விண்மீன் கூட்டங்களை அடையாளம் தெரியாதவர்கள், புதுக்கோட்டைச் சாலையிலுள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்தில் ஒரு பிற்பகலைச் செலவிடலாம்.

தெருவிளக்குகளுக்கு நடுவே என்ன தெரியும் என்று கேட்பார்கள். நிலா, கோள்கள், இரட்டை மீன்கள் ஆகியவற்றுக்கு நகர வெளிச்சம் பெரும் பகையன்று. திருமணத்தில் மணமக்களுக்குக் காட்டும் அருந்ததியின் அருகே ஒளிரும் வசிட்டனைப் பாருங்கள். அந்த ஒரு மீனே இரண்டாகப் பிரியும். காரிக்கோளின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பளவாய் ஒடுங்கியது. இனி ஆண்டுக்காண்டு விரிந்து 2032 வாக்கில் மிக அகலமாகத் தெரியும்.

ஆயினும் நான் முதலில் தேடியது ஆல்பா செண்டாரியை. ஞாயிற்றுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதி அது. நாலேகால் ஒளியாண்டுக்குச் சற்று அதிகத் தொலைவு. வெறுங்கண்ணுக்கு ஒரு மீன். அது இரண்டு மீன்கள் என்பதை 1689 திசம்பரில் புதுச்சேரியிலிருந்து கண்டவர் இழான் ரிசோ என்னும் இயேசு சபைத் துறவி; வால்மீன் ஒன்றை நோக்கிக்கொண்டிருந்தபோது 12 அடிக் குழலில் அது தற்செயலாகத் தென்பட்டது. அவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகும். வைகாசி இரவுகளில் பத்து மணியளவில், தில்லை நகரின் தெற்கு அடிவானுக்கு மேல் 18 பாகை உயரத்தில் அது நிற்கும். 90 மடங்கில் நான் பார்த்தபோது பொன்னிறப் புள்ளிகள் இரண்டு, ஒன்று சற்றுப் பெரிது, இடையே கருமை.

40 பாகை அகலாங்கில் அந்த மீன் எழுவதே இல்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி கிடந்தால் வைகாசிக்கு முன் இறக்கிவிடுங்கள். முள்ளை 11-க்குத் திருப்ப மறவாதீர்கள்.